ஸ்டோரில் காய்ந்த இலந்தை வடை

எங்கள் ஊர் ராசிங்காபுரத்துக் கரட்டு மேட்டில் இலந்தையை யாரும் நட்டதில்லை. மழையை நம்பாமல் அதுவாக முளைத்து, போகிற வருகிறவர்கள் சேலையைக் கிழித்து, தை பிறந்ததும் பழத்தைக் கொட்டும். கல்யாணமாகிக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போன பிறகுதான் அந்த முள்மேல் எனக்குப் பாசம் வந்தது.

மலையில் எங்கள் வீடு தனியாக இருந்தது. வீட்டுக்காரருக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. அங்கே பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, சூட்டறையில் இராப்பகலாக நெருப்புப் போட்டுக் காய வைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் குளிக்க மட்டும் வீட்டுக்கு வருவார். மற்ற நேரமெல்லாம் நானும் மூடுபனியும்தான். வரும்போதெல்லாம், வெயிலைக் கண்ணால் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவரிடம் புலம்புவேன்.

ஒரு தை மாதம் ஊரிலிருந்து அண்ணன் ஆள் மூலம் ஒரு கூடை இலந்தைப்பழம் கொடுத்துவிட்டான். மிளகாய், உப்பு, பெருங்காயம் எல்லாம் தாராளமாகப் போட்டு இடித்து வடை தட்டினேன். காய வைக்க வெயில் வேண்டுமே. மூன்று நாள் பார்த்தேன். பூசணம் பிடிக்கத் தொடங்கியது. ஸ்டோருக்குச் சோறு கொண்டுபோனபோது, அவர் விறகெடுக்கப் போன நேரம் பார்த்து, சூட்டறையின் அடித்தட்டில் ஒளித்து வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். புகையிலேயே கிடந்த அவர் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. மறுநாள் அதேபோல எடுத்து வந்தேன், பக்குவமாகக் காய்ந்திருந்தது. குளிக்க வந்தவர் இரண்டு தின்றுவிட்டு எப்படிக் காய்ந்தது என்று கேட்டார். வீட்டு அடுப்படியில் என்று புளுகினேன்.

சில நாளில் போடி வியாபாரியிடமிருந்து மூட்டைகள் திரும்பி வந்தன. ஏலக்காயெல்லாம் பெருங்காய வாடை. முதலாளி என் கண் முன்னாலேயே ஒரு காயை உரித்து முகர்ந்துவிட்டு, இது யார் வேலை என்று கேட்டார். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“நாந்தேன் வச்சேன்” என்றார்.

அன்றோடு வேலை போயிற்று. மலைக்கு மேற்கே, மலையாளத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்றார்களாம். என்னை அண்ணன் வீட்டில் விட வந்தார். வழியெல்லாம் நான் அழுதேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ்சில் ஏறும்போது, “வெயிலு வெயிலுன்னு ஏங்குனேல்ல, இனி இங்கனயே இரு” என்றார்.

குத்திக் காட்டவில்லை. எனக்கு ஒரு நல்லது நடந்துவிட்டதாகவே நினைத்துச் சொன்னார். நீங்கள் வீட்டில் இல்லாததைத்தான் அப்படிச் சொல்லிப் புலம்பினேன் என்று நான் வாய் திறப்பதற்குள் பஸ்சு கிளம்பிவிட்டது.