கார் கூரையும் கடைசி வரியும்

போன வெள்ளிக்கிழமை மாலை, என் அண்ணனின் கல்யாணக் கார் கூரை மோர் ஊற்றியது போல வெளுத்துப் போனது. யார் செய்த வேலை என்கிறீர்களா? உங்கள் பத்தி எழுத்தாளர்தான்!

அண்ணன் லோரி பழுதுபார்க்கும் மெக்கானிக். கிள்ளானில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து, என்னைவிட வயதில் மூத்த காரை இழுத்து வந்து, இரண்டு வருடமாக வீட்டு வாசலில் வைத்துச் சரிசெய்தான். கல்யாணத்தன்று பெண்ணை இதில்தான் அழைத்து வருவேன் என்று சபதம் வேறு. பெண்ணின் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த டப்பாவுலயா? பேசாம டாக்சி புடிங்க மாப்ள!"

எஞ்சின் ஓடியது. சீட் தைத்தாகிவிட்டது. பாக்கி கூரை மட்டும். துருவை வெட்டி, தகடு பற்றவைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். ஞாயிறு கல்யாணம்... வெள்ளியன்று கறுப்புப் பெயின்ட்.

டின்னில் எல்லாம் ஆங்கிலம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். விடுவேனா? முதல் மூன்று வரிகளைச் சத்தமாக வாசித்து, தமிழிலும் விளக்கினேன். முதல் பூச்சு நன்றாகவே வந்தது.

"மேகம் கறுக்குது. மிச்சத்த நாளைக்கு அடிக்கலாமா?" என்றான் அண்ணன்.

"காஞ்ச உடனே ரெண்டாவது அடிக்கணும்னு போட்டிருக்குண்ணே. நீ படிச்சியா, நான் படிச்சேனா?"

"சரி லா, டீச்சர்!"

அடித்தான். மழையும் கொட்டியது. வாசலில் தகரக் கொட்டகை இருந்ததால் ஒரு சொட்டுகூடக் காரில் விழவில்லை. ஆனாலும் அந்த ஈரக் காற்றில், பளபளத்த கறுப்பு எங்கள் கண்ணெதிரே வெளுத்துக்கொண்டே போனது. அண்ணன் ஸ்பிரேயைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் அம்மா ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து குடையோடு இறங்கினார்.

"எவன்டா மழையில அடிக்கச் சொன்னது?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் டின்னைப் பார்த்தேன்.

"மூஞ்சியத் தொங்கப் போடாத. மழ நாள்ல எங்க நாற்காலியும் இப்படித்தான் வெளுக்கும். பெயின்ட இளக்குற தின்னர்ல மெதுவா காயிறது ஒன்னு இருக்கு, வாங்கிட்டு வா. வெயில் வரட்டும்."

பக்கத்து ஊரான மேருவில் நாற்காலி செய்யும் ஃபேக்டரியில் எட்டு வருடமாக அம்மாவுக்கு ஸ்பிரே அடிக்கிற வேலை. இரண்டு வருடம் அந்தக் கார் வாசலில் நின்றதே... அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களுக்குத் தோன்றியதா? வீட்டு ஆளிடம் கேட்பதென்றால் நமக்குக் கடைசியில்தான் தோன்றும்!

சனிக்கிழமை பத்து மணி வெயிலில், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அம்மாவே தின்னரைப் பனி போல் தூவினார். வெள்ளை கரைந்தது. கறுப்பு திரும்பி வந்தது. அண்ணனுக்குச் சிரிப்பும்.

ஞாயிறன்று பிரிக்பீல்ட்ஸ் மண்டப வாசலில், பெண்ணின் மாமா அந்தக் கூரையில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்! "யாரு அடிச்சது?" என்றார்.

"அம்மா," என்றான் அண்ணன்.

"டின்னப் படிச்சது என் மக. எல்லாம் இங்கிலீஷு!" என்றார் அம்மா, பெருமையாக.

நான் நெளிந்தேன். ஏனென்றால், காலி டின்னைக் குப்பையில் போடும்போதுதான் அந்தக் கடைசி வரியைப் பார்த்திருந்தேன். பொடி எழுத்து... 'ஈரக் காற்றில் அடிக்க வேண்டாம்.' வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வாராவாரம் இந்தப் பத்தியை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இந்த வாரம் கடைசி வரி வரைக்கும் வாசித்தாக வேண்டும்!