முதல் பக்கத்தில் என் பெயர்

வீட்டில் இடமில்லையென்று விற்கக் கொண்டுபோன என் பழைய காமிக்ஸைப் பொங்கோல் வட்டாரத்தில் ஒரு பழைய புத்தக வியாபாரி திறந்ததும் எழுந்த காகித வாசனை, ஃபேரர் பார்க்கில் இப்போது இல்லாத ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருந்த மேரி அக்காவின் புத்தகக் கடைக்கு என்னை இழுத்துப்போனது.

புது இதழ் வரும் சனிக்கிழமைகளில், மின்விசிறிக் காற்றில் அட்டைகள் படபடக்க, பள்ளிப் பிள்ளைகளான எங்களுக்கு முன்னால், மொத்தமாக வாங்கி மறுநாளே இரட்டை விலைக்கு விற்கும் ஆட்கள் நிற்பார்கள். ஆனால் முதல் பக்கத்தில் பேனாவால் பெயர் எழுதினால்தான் அக்கா புத்தகத்தைக் கொடுப்பார். பெயர் எழுதியது அதிக விலைக்குப் போகாது என்பதால் அவர்கள் முணுமுணுத்தபடி கலைந்துவிடுவார்கள்.

“படிக்கத்தானே லா புக்கு, எழுதும்மா,” என்று அக்கா என்னிடம் பேனாவை நீட்டுவார். வழவழப்பான தாளில் மை இழுபடும்போது எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம் வரும்.

“பேரு எழுதிட்டீங்களே, இத எடுக்க முடியாது லா,” என்று பொங்கோல் வியாபாரி முதல் பக்கத்தைக் காட்டித் திருப்பிக் கொடுத்தார்.

அன்று அந்த ஆட்களிடமிருந்து காப்பாற்றிய புத்தகத்தை, அக்கா இன்று என்னிடமிருந்தும் காப்பாற்றிவிட்டார்.