மூங்கில் விமானத்துக்குக் கட்டிய கயிறு

போன புதன்கிழமை காலை, மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் என் வீட்டு வாசலில் பந்தல் துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகில் மீன் கொண்டுவரும் ராணி, கூடையைக்கூட இறக்காமல், "அக்கா, பந்தல்காரர் போயிட்டாரு" என்றாள். "எந்தப் பந்தல்காரர்?" என்று கேட்டேன். நமக்கு அவரை விட்டால் வேறு யார்? தெரிந்தும் கேட்டேன். மிஷினை நிறுத்தக் கால் வரவில்லை. அந்த ஓரம் முழுவதும் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

முத்தையா அண்ணனை உங்களுக்குத் தெரியும். பர்மாக்காரர்களுக்கு அவர் ஊ முத்து. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மூங்கில் நட்டவர். அவருக்கு இருபது வருஷம் துணி தைத்துக் கொடுத்தவள் நான். லான்மடாவில் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா, "நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்று நச்சரித்தார். அண்ணன் ஏணியில் நின்றபடியே, "பொண்ணையே நாளைக்கு அனுப்பப் போறீங்க. பந்தல் மட்டும் எதுக்குங்க நிலைச்சு நிக்கணும்?" என்றார். அவர் முடிச்சு ஒரு இழுப்பில் அவிழும். "பிரிக்கத்தான் கட்டுறது பாக்கியம்" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

நர்கிஸ் புயல் வந்த வருஷம், தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், எங்கள் இரண்டு பேரையும் பட்டாளத்துக்காரர்கள் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இடத்தின் பெயரை எழுத மாட்டேன். பெரிய மைதானம். அதில் புதிதாய் இரண்டு பீரங்கிகள், குழல் வானத்தைப் பார்த்து. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நட்பு நாடு, குண்டு போட நெடுந்தூரம் பறக்கும் தன்னுடைய பெரிய விமானங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தப் போகிறதாம். அதைக் காக்கத்தான் பீரங்கி. அந்த நாட்டு அதிகாரிகள் அடுத்த மாதம் இடம் பார்க்க வருகிறார்கள், எது எங்கே நிற்கும் என்று காட்ட முழு அளவில் மூன்று விமானம் மூங்கிலில் கட்டு, துணி போர்த்து என்றார் அங்கிருந்த அதிகாரி.

"சயா, இதுக்குள்ள யார் உக்காருவாங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"யாரும் உட்கார மாட்டார்கள்."

"அப்ப நாற்காலி போட வேண்டாம்."

சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அவிழாத முடிச்சாகப் போடு என்று மட்டும் சொன்னார். அண்ணன் என் பக்கம் குனிந்து, "காவலுக்கு ஆள் வந்தாச்சு, சாமிதான் இன்னும் வரல" என்றார். நான் துணியில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். அவரோடு நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

டாலாவில் அவர் வீட்டுக்குக் கூரை ஓலை. "ஊர் பூரா கட்டுறீங்க, நம்ம கூரையைக் கட்ட ஆளில்லை" என்று செல்லம் அண்ணி எத்தனையோ நாளாய்த் திட்டிக்கொண்டிருந்தார். புயல் வரும் என்று ரேடியோவில் சொன்னதும், அந்த வெள்ளிக்கிழமை காலை அண்ணன் ஒரு கட்டு நீல நைலான் கயிறு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். சாயங்காலம் போய்க் கூரையைக் கட்ட வேண்டும் என்றார்.

மத்தியானமே காற்று ஏறிவிட்டது. மூன்று விமானத்தையும் முளையடித்துக் கட்டாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்றார் அதிகாரி. "வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள்" என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். கட்டிவிட்டுப் போ என்றார்கள். மூன்றாவது விமானத்தின் வாலுக்கு வரும்போது கயிறு தீர்ந்தது. லாரி போய்க் கொண்டுவரும்வரை நில்லுங்கள் என்றார்கள்.

இதை எழுதாமல் விட்டால் நான் மனுஷி இல்லை. சீக்கிரம் முடிந்தால் படகைப் பிடிக்கலாமே என்ற அவசரத்தில், அதிகாரி காதில் விழும்படி, "அண்ணே, உங்க பையிலதான் புதுக் கயிறு இருக்கே!" என்று பர்மியத்தில் சொன்னது நான்தான். அண்ணன் என்னைப் பார்த்தார். பையைத் திறந்தார்.

நாங்கள் துறைக்கு வந்தபோது படகை நிறுத்திவிட்டார்கள்.

விடிந்து பார்த்தால் ஊரில் பாதி மரங்கள் தரையில் கிடந்தன. மூங்கில் விமானம் மூன்றும் நின்றன. டாலாவில் அண்ணன் வீட்டுக் கூரை பறந்து, சுவரும் உத்தரமும் செல்லம் அண்ணி மேல் சரிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை சம்பான் தோணி பிடித்துப் போனவர், தன் கையாலேயே ஓலையை விலக்கி அண்ணியின் உடலை எடுத்தார். அடுத்த வாரம் அதிகாரி ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், "ஊ முத்து, உன் விமானம் ஒன்றுகூட ஆடவில்லை!" என்று தோளில் தட்டினார். இரண்டு பொட்டலம் டீத்தூள் கொடுத்தார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இடம் பார்க்க யாரும் வரவில்லை. கடல் தாண்டி விமானமும் வரவில்லை. இரண்டு மழைக்காலம் பீரங்கிகள் அந்த மூங்கிலுக்குக் காவல் நின்றன. மூங்கில் மக்கிச் சாய்ந்த பிறகு, பிரித்துப் போடு என்று எங்களையே கூப்பிட்டார்கள். வால் முடிச்சு அவிழவில்லை. அண்ணன் கத்தியால் அறுத்து, முடிச்சோடு அந்த நீலக் கயிற்றை என் மடியில் போட்டார். "இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

மன்னித்துக் கொடுத்தாரா, வைத்துக்கொண்டு அழு என்று கொடுத்தாரா, தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதன் பிறகும் துணி கொடுத்தார், தைத்தேன். "சாப்டியா பாக்கியம்?" என்று முன்போலவே கேட்பார். அதைவிட அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

புதன்கிழமை நான் டாலா போய்ச் சேர்ந்தபோது வாசலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மழை பிடித்திருந்தது. ஊருக்கெல்லாம் சாவுப் பந்தல் போட்டவருக்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் தாளைத்தான் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று மூலை கட்டியாகிவிட்டது. கால்மாட்டு மூலைக்குக் கயிறு இல்லை.

"யார்கிட்டயாவது கயிறு இருக்கா?" என்று கேட்டார்கள்.

என் பையில் இருந்தது. அவரோடு சிதையில் போட்டுவிடலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்தக் கயிற்றை இன்னொரு தடவை வெளியே எடுக்க என் கை வரவில்லை. தாள் காற்றில் அடித்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு போகும்வரை மழை அவர் காலில் விழுந்துகொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கயிற்றை அவரோடு அனுப்பவும் இல்லை. திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தையல் மிஷின் பெட்டியில் இருக்கிறது, அவர் போட்ட முடிச்சோடு.