படகில் வெந்நீர்

அந்தக் குளிர்காலத்தில் நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது ஒன்றுதான்: கணவருடன் எட்டு மாதம் ஒரு பாய்மரப் படகில் போய் இருப்பதா, வேண்டாமா. அதை நேராகப் பேச முடியாமல், படகில் வெந்நீர் வருமா என்று கேட்டேன்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். ஒரு கேள்வியைப் பம்பும் குழாயுமாக மாற்ற முடியும் என்றால் அதை விடமாட்டார். ஹைதராபாத்தின் மாதாபூரில் பார்த்த ஐ.டி. வேலையை அந்த வருடம்தான் விட்டிருந்தார். சைனிக்புரியில் எங்கள் தெருவிலேயே இருந்த ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர், நான்கு வருடமாக ஞாயிறுதோறும் அவரை ஹுசேன் சாகர் ஏரிக்கு அழைத்துப்போய்ப் பாய் விரிக்கப் பழக்கியிருந்தார். படகு நாச்சாரத்தில், தண்ணீர்த் தொட்டியும் ஃபைபர் கதவும் வார்க்கும் ஒரு ஷெட்டில் உருவாகிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு அடி நீளம். மழைக்காலம் முடிந்ததும் டிரெய்லரில் கோவாவுக்குக் கொண்டுபோய் இறக்கி, மே மாதம் வரை கரையோரமாகத் தெற்கே போவது திட்டம். என் பத்திரிகை அலுவலகத்தில் சம்பளமில்லாத விடுப்பு தரத் தயாராக இருந்தார்கள். மார்ச் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றார் ஆசிரியர்.

வெந்நீருக்குக் கணவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் சூடாக வெளியே வரும். அதைச் சுருள் குழாய் வழியாக ஒரு ஸ்டீல் தொட்டிக்குள் ஓட்டினால், தொட்டியில் இருக்கும் இருபது லிட்டரும் சூடாகும். ஆனால் காற்று நன்றாக வீசும் நாளில் எஞ்சினைப் போடமாட்டார்கள். பாய் விரித்திருக்கும்வரை புது வெந்நீர் கிடையாது. ஆக, பயணம் சரியாகப் போகாத நாட்களில்தான் எனக்கு வெந்நீர். நான் இதைச் சொன்னதும் அவர் எழுந்து ஹாலில் நடக்க ஆரம்பித்தார். வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் இடையே பதினொரு எட்டு. பக்கம் திருத்திக்கொண்டே நான் அதை எண்ணுவேன். எண்ணிக்கை தவறாது, திருத்திய பக்கத்தில்தான் பிழை இருக்கும்.

காஸ் கீசர் வேண்டாம், மூடிய அறையில் புகை ஆளைக் கொல்லும் என்று அவரே தள்ளிவிட்டார். அடுப்பில் கெட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார். டீக்குப் போதும், வெள்ளிக்கிழமைக்குப் போதாது என்றேன். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து, அரப்புப் போட்டுக் குளிப்பதை நான் ஹைதராபாத் வந்த பிறகும் விட்டதில்லை. வெந்நீர் இல்லாமல் எண்ணெய் போகாது.

அடுத்த வெள்ளிக்கிழமை வாளியின் உட்புறம் லிட்டர் லிட்டராகக் கோடு போட்டு வைத்திருந்தார். வாட்டர் ஹீட்டர் ராடால் சுடவைத்த தண்ணீரில் நான் குளித்து முடிக்கும்வரை கதவுக்கு வெளியே நோட்டுடன் நின்றார். இருபத்து நான்கு லிட்டர். அடுத்த வாரம் பதினெட்டு. அதற்கடுத்த வாரம் பதினான்குக்கு வந்தேன். சாயங்காலம் சீப்பில் அரப்பு பச்சைத் தூளாக வந்தது.

விடுதியிலிருந்து சனிக்கிழமைகளில் வரும் மகள், சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த வெந்நீர்த் தொட்டி வரைபடத்தைப் பார்த்தாள். நாங்கள் தமிழில் பேசினாலும் அவள் பதில் தெலுங்கில்தான் வரும். “மன இன்ட்லோ கீசரே பனி செய்யட்லேது, டாடி,” என்றாள். நம் வீட்டுக் கீசரே வேலை செய்யவில்லை என்று. அது கெட்டு இரண்டு மாதமாகியிருந்தது. அவர் சிரிக்கவில்லை.

நாங்கள் அளந்ததெல்லாம் ஹைதராபாத்தின் டிசம்பரில், விடியற்காலையில். படகு போகப்போவதோ கோவாவுக்கும் கொச்சிக்கும். இது எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை. மார்ச்சில் மொட்டைமாடித் தொட்டி வெயிலில் காய்ந்து, பகல் பதினோரு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுட்டது. அப்போதும் அவர் வரைந்துகொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். படகின் உள்ளே, ஏணிக்குப் பின்னால் தொட்டி உட்காரப்போகும் இடத்தில் பென்சிலால் சதுரம் போட்டிருந்தது. அதை வெட்டி எடுக்க மேஸ்திரி கட்டருடன் காத்திருந்தார். பக்கத்து மௌலா அலியில் பிறந்து வளர்ந்தவர். எதற்கு வெட்டுகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, என்னைப் பார்த்து, “கரம் பானி கைக்கு, மேடம்? இத்தா தூப் ஹை,” என்றார். இவ்வளவு வெயிலில் வெந்நீர் எதற்கு என்கிறார். மூன்று மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. மேலே தகரக் கூரை, சுற்றிலும் ரெசின் நெடி. என் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மேஸ்திரியைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“வெந்நி வெச்சா வருவியா, அம்மணி? நேராச் சொல்லிப்போடு.”

“வெச்சாலும் வரலைங்க.”

அவர் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பறம் எதுக்கு மூணு மாசமா என்னைய அளக்க உட்ட?”

“நான் வரலைன்னா நீங்களும் நின்னுக்குவீங்கன்னு நெனச்சேன். அந்தப் பழி எனக்கு வேண்டாம்னுதான்.”

“நான் எதுக்கு நிக்கறேன்?”

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்டதைப் போலத்தான் கேட்டார். போவதா வேண்டாமா என்று நான் மூன்று மாதம் தூக்கமில்லாமல் புரண்டது, படகு நிற்பதும் நகர்வதும் என் சொல்லில் இருக்கிறது என்ற கணக்கில். அப்படி ஒரு கணக்கு அவரிடம் என்றைக்கும் இருந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வெட்ட வேண்டாம் என்று மேஸ்திரிக்கு இந்தியில் சொன்னார். அந்த இடத்தில் இன்னொரு குடிநீர்த் தொட்டி வரும், அளவு எடுத்துத் தருகிறேன் என்றார். பிறகு என்னிடம், “தனியாப் போறவனுக்குக் குடிதண்ணிதான் முக்கியம்,” என்றார்.

சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் குனிந்து உள்ளே போய், சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். அகலத்தை அவர் படித்து எழுதிக்கொண்டார். உயரத்துக்கு டேப்பே என் கைக்கு வந்தது. நாற்பத்தாறு சென்டிமீட்டர் என்று சொன்னேன். இன்னொரு தடவை பார் என்றார். பார்த்தேன். நாற்பத்தாறுதான்.