யூசுப் அண்ணன் கேட்ட ரெப்போ

1. சீசன் முடியட்டும்

இடி விழுந்த அன்று யூசுப் அண்ணன் தேனி ஆஸ்பத்திரியில் பேச்சு வராமல் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. போடிமெட்டுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கருகிவிட்டது என்று போன் வந்தபோது, என் கை முதலில் அவர் நம்பரைத்தான் தேடியது.

போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியின் நாலு பேர் கொண்ட ஐ.டி. பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். மலையில் ஆறு ஸ்டோர்கள். புது மெஷின் வைத்தால் அதில் எதை ஏற்றுவது, எந்த அறைக்கு எத்தனை டிகிரி, ஃபேன் எப்போது ஓடுவது என்பதையெல்லாம் தானாகவே அமைத்துவிடும் ஸ்கிரிப்டுகளை, அதாவது சின்னச் சின்ன புரோகிராம்களை, எழுதியவர் யூசுப் அண்ணன். எல்லாம் அவர் லேப்டாப்பில் இருந்தன. நாங்கள் மற்ற மூன்று பேரும் அவ்வப்போது பென் டிரைவில் வாங்கி, ஆளுக்கொரு விதமாகத் திருத்தி வைத்திருந்தோம்.

"தாயி, ஆபீஸ் சர்வர்லயே நமக்குன்னு ஒரு கிட் ரெப்போ போட்டுருவோம்," என்பார். ரெப்போ என்றால், எல்லா ஃபைல்களையும் யார் எப்போது மாற்றினார்கள் என்ற கணக்கோடு ஒரே இடத்தில் வைக்கும் பொதுக் கிடங்கு. "வெளியாளு யாரும் பாக்க முடியாது. நாலு பேரும் ஒரே எடத்துல இருந்து எடுத்துக்கலாம். எது கடைசியா மாத்துனதுன்னு கொழப்பம் இருக்காது."

"சீசன் முடியட்டும்ணே. இப்பத் தலைக்கு மேல சோலி கெடக்கு."

மூன்று சீசன் இதையே சொன்னேன். ஒருமுறைகூட அவர் கோபப்பட்டதில்லை. "சரித்தா" என்று தன் இடத்துக்குப் போய்விடுவார்.

2. பச்சை போனது

பறித்த காய் காத்திருக்காது. அன்றே உலர்த்தத் தொடங்காவிட்டால் நிறம் கெடும். புது மெஷினோடு ஜீப்பில் ஏறிப் போய், என் பென் டிரைவில் இருந்த ஸ்கிரிப்டை ஓட்டினேன். பிழை எதுவும் காட்டவில்லை. நிம்மதியாக இறங்கி வந்தேன். அது பழைய விறகு அடுப்புக் காலத்துக் காப்பி. புது அறைகளுக்கு அந்தச் சூடு மிக அதிகம்.

மறுநாள் காலை ஸ்டோர் பொறுப்பாளர் ராஜன் கூப்பிட்டார். "மேடம், பச்ச போயி. ரெண்டு அறையிலயும் காயி வைக்கோலு மாதிரி வெளுத்துருச்சு. சின்னத் தோட்டக்காரங்க நம்பி உலத்தக் குடுத்ததும் இதுலதான் கெடக்கு. வாசல்ல வந்து நிக்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"நான் வந்து சொல்றேன்."

மறுபடி மேலே போய், என் தப்புதான் என்று அவர்களிடம் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஓர் அம்மா ஒரு பிடிக் காயை அள்ளி மோந்து பார்த்தார். பிறகு அப்படியே குவியலில் போட்டுவிட்டு நடந்தார்.

3. விரல்

யூசுப் அண்ணன் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். அவர் மனைவி நூர்ஜஹான் மதினி லேப்டாப்பை எடுத்து வந்தார். பாஸ்வேர்டு அண்ணனுக்கு மட்டுமே தெரியும். இல்லாவிட்டால் அவர் விரல் ரேகை வேண்டும்.

"அண்ணே, இதத் தொறக்கணும். தொறக்கவா?"

கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "சரிங்கிறாரு," என்றார் மதினி. "வலது கை வராதுத்தா. நான் பிடிச்சுக்கிறேன்."

அந்த விரலைப் பிடித்து அழுத்தினார். திறக்கவில்லை. சேலை முந்தியால் விரலைத் துடைத்து மறுபடி வைத்தார். திறந்தது.

உள்ளே 'ரெப்போவுக்கு' என்று ஒரு ஃபோல்டர். ஆறு ஸ்டோருக்கும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தார். பாஸ்வேர்டுகள் தவறிக்கூட ரெப்போவில் ஏறிவிடாதபடி அவற்றைத் தனியே ஒதுக்கியிருந்தார். என் பங்கு வேலை மட்டும்தான் பாக்கி. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆபீசில் கிட் சர்வரை நிறுவி, நாலு பேருக்கும் அனுமதி கொடுத்து, எல்லாவற்றையும் அவர் பெயரிலேயே ஏற்றினேன். காலையில் ஆரம்பித்தது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

4. ஒரு வரி

அதைக் காட்ட அவர் வீட்டுக்குப் போனேன். இடது கையால் திரையை மெல்ல நகர்த்திப் பார்த்தவர், நாலாவது ஸ்டோரின் ஃபைலில் நின்றார். ஃபேனைச் சற்றுத் தாமதமாக ஓடவிடும் ஒரு வரி. அதை விரலால் தட்டினார்.

"இது தப்பாண்ணே? மாத்தணுமா?"

கண் மூடவில்லை. மறுபடி தட்டினார்.

"இப்படியே விடணுமா?"

அதற்கும் மூடவில்லை. வாய் கோணிக்கொண்டு ஏதோ சத்தம் வந்தது, சொல்லாக வரவில்லை. நெற்றி வியர்த்துவிட்டது. "போதுங்க, அசந்து போனீங்க," என்று மதினி அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் இறந்துபோனார்.

அந்த வரியை மூவருமாக எத்தனையோ முறை படித்துவிட்டோம். பிழை தெரியவில்லை, அதை வைத்த காரணமும் தெரியவில்லை. இன்றுவரை யாரும் தொடவில்லை. அந்த வரிக்கு மேலே, 'காரணம் தெரியாது, கேட்க வேண்டிய நாளில் நான் கேட்கவில்லை' என்று என் பெயரில் எழுதியிருக்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரெப்போ போடுவது அரை நாள் வேலை. எழுதியவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று அவரிடம் கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்து ஏற்றுங்கள்.