ஊரார் வாய் பட்ட குழாய்

எங்கள் வீட்டில் சொம்பைத் தூக்கி அண்ணாந்துதான் குடிப்போம். வாய் வைத்தால் எச்சில். பருத்திப்பட்டில் பிறந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் லேத் மெஷினோடு மாரடித்தவன் நான். கிரீஸ், ஆயில், எலிப்புழுக்கை எல்லாம் தொட்டிருக்கிறேன். அடுத்தவர் எச்சில் மட்டும் ஆகாது.

இந்த லட்சணத்தில் என் மனைவிக்குக் கடலுக்குள் மீன் பார்க்க ஆசை வந்தது. சர்க்கரை அவள் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. பார்க்க நினைப்பதைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏதாவது கோயிலைச் சொல்வாள் என்று நினைத்தேன். "கண்ணாடி மாட்டிக்கினு தண்ணிக்குள்ள மீனு பாக்கறாங்களே, அத்த பாக்கணும்யா" என்றாள். செல்போனில் பார்த்தாளாம்.

ரிசார்ட் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. நல்ல நீச்சல் குளம், குழாயைக் கவ்வி மூச்சுவிட்டபடி மீன் பார்க்கும் ஸ்நார்க்கெலிங், சுத்தம், மூன்றும் வேண்டும். மகாபலிபுரம் போகிற வழியில் ஒன்றை நேரிலேயே போய்ப் பார்த்தேன். கடல் பார்த்த அறை என்றார்கள். எங்கள் பக்கம் கிழக்கு பார்த்த வீடு என்றால் வாசல் கிழக்கில் இருக்கும். இங்கே வாசல் ஜெனரேட்டரைப் பார்த்தது. கடலைப் பார்க்க டாய்லெட் மேல் ஏறி நிற்க வேண்டும். நீச்சல் குளத்தில் ஒரு முடிக்கற்றையும், யார் காலிலிருந்தோ கழன்ற பிளாஸ்திரியும் ஜோடியாக மிதந்தன. ஒரு பெரிய மனிதர் குளத்துத் தண்ணீரிலேயே வாய் கொப்பளித்துக் குளத்திலேயே துப்பினார். சீ!

ராமநாதபுரம் பக்கம் கடலில் அலை குறைவு என்றார்கள். ஒவ்வொரு ரிசார்ட்டாக போன் போட்டேன்.

"வாயில கவ்வுற குழாய் ஆளாளுக்குத் தனியா?"

"எல்லாருக்கும் அதேதான் சார். கழுவித்தான் குடுப்போம்."

"எதுல?"

"கடல் தண்ணியிலதான்."

போனை வைத்துவிடுவேன். சொந்தமாக ஒரு குழாய் ஆன்லைனில் வாங்கினேன். யாரோ திருப்பி அனுப்பியதை என் தலையில் கட்டியிருந்தார்கள். கவ்வும் ரப்பரில் பல் தடம். இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

இப்படியே ஆறு மாதம் போனது. ஒருநாள் ஆவடி பஸ் ஸ்டாண்டில், எதிரே நின்ற பஸ்ஸின் நம்பரை என் மனைவி என்னிடம் கேட்டாள். அன்றைக்கே, போனை முதலில் எடுத்த ரிசார்ட்டில் அறை போட்டேன்.

அங்கே படகிலிருந்து எங்களுக்கு முன்னால் கடலில் இறங்கியிருந்த ஒரு அம்மாள், வாயிலிருந்து குழாயை உருவி, கடலில் ஒரு முக்கு முக்கி நீட்டினாள். என் மனைவி வாங்கி அப்படியே கவ்விக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் லைஃப் ஜாக்கெட்டோடு வெகுநேரம் குப்புற மிதந்துவிட்டு, படகின் விளிம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கினாள்.

"மீனு கீது. சாம்பலா ஓடுது. கலரு புடிபடல."

"கலர் கலரா இருக்குமேம்மா!" என்றார் படகுக்காரர்.

ஊரார் எச்சிலுக்குப் பயந்து ஆறு மாதத்தை நான்தான் வீணாக்கியிருந்தேன். அதுவரை பார்த்த அசிங்கம் எதுவும் என்னை அப்படிக் குமட்ட வைக்கவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. கண்ணாடி மாஸ்க்கைக் கழற்றி, குழாயோடு என் கையில் திணித்தாள்.

"நீ பாத்து சொல்லுயா."

தண்ணீரில் இறங்கிக் கவ்வினேன். உப்பு, ரப்பர், யாரோ போட்ட பாக்கின் வாடை. ஓங்கரித்துக்கொண்டு வந்ததை விழுங்கிவிட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "மஞ்சளு. கறுப்பா கோடு கீது" என்றேன்.

"அவ்ளோதானா? இன்னொருவாட்டி போ" என்றாள்.