ஏழுமலை அண்ணன் கேட்ட இன்ஜின்

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் நான் அனுப்பிய செய்திக்கு அண்ணனிடமிருந்து பதில் வரவில்லை. ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. புனேயிலிருந்து அவர் மகன் பாபு. “அத்தை, அப்பா போயிட்டாரு” என்றான்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். ஏழு மணிக்குப் பால்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் வராதது அந்த வீட்டில் புதிதல்ல. பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பதினொரு மணிக்கும் பாக்கெட் அங்கேயே கிடப்பதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நான் பாபுவிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கே இன்று விசித்திரமாகப் படுகிறது. “கூப்பிட்டுப் பாத்தாங்களா?” என்றேன். “கூப்பிட்டா அவருக்கு எப்படி அத்தை கேக்கும்?” என்றான்.

ஃபாக்டரியில் இன்ஜின்களை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் ஷெட்டில் அவரோடு வேலை செய்தவர்களில் பலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு ஏழுமலை என்றால் காதுதான் நினைவுக்கு வரும். நான் அவர் கூடப் பிறந்தவள் இல்லை; ஃபாக்டரியில் அவரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவள். நான் டிராயிங் செக்‌ஷனில் இருந்தேன். ஒரு நாள் வரைபடச் சுருளோடு அந்த ஷெட்டுக்குள் நுழைந்தபோது, மேடையில் பெரிய டீசல் இன்ஜின் ஒன்று அலறிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நிற்கும்படி எனக்குக் கை காட்டிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இன்ஜினை நிறுத்தச் சொல்லி, மூன்றாவது சிலிண்டரைத் தொட்டுக் காட்டினார். பிரித்துப் பார்த்தபோது கோளாறு அங்கேதான் இருந்தது. காதில் வைத்துக்கொள்ளும் அடைப்பான் எல்லோரையும் போல அவருக்கும் கொடுக்கப்பட்டது. அவர் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. “அடைச்சிக்கினா அது பேசுறது எனக்கு எப்படிக் கேக்கும்?” என்பார். எது பிழைப்பைக் கொடுத்ததோ அதுவே காதை எடுத்துக்கொண்டது. ரிட்டயரான நான்கைந்து வருடங்களில் முழுவதுமாகப் போய்விட்டது. காதுக் கருவி வாங்கினார். அது பாத்திரம் விழுவதையும் பஸ் ஹாரனையும் பெரிதாக்கியதே தவிர, பேச்சைத் தரவில்லை. அதை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தவர் பிறகு தொடவில்லை.

காது போன பின் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வொர்க்‌ஷாப்பில், தெரிந்தவர் ஒருவரின் பழைய ஜீப்பில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைச் சரிசெய்யக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்க்ரூடிரைவரால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இன்ஜின் சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்த வேண்டும். பழக்கத்தில் அண்ணன் திருப்பினார். இன்ஜின் திணறி, இருமி, அலறியது. அவர் முகத்தில் வேலை முடிந்த சிரிப்பு. “ஆச்சு, எடுத்துக்குனு போங்க” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உதடுகளைப் பார்த்து அவருக்கு விஷயம் புரிந்தது. வீட்டுக்கு வந்து டூல் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். இதை எனக்குச் சொன்னவர் அவர் மனைவி சரோஜா அண்ணி.

அண்ணி இறந்தபோது நான் ஊரிகத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் கணவர் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவர் எதிரில் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாபு புனேக்குக் கூப்பிட்டான். போக மறுத்துவிட்டார். “எனக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு, மூணு பாஷை உதடு தெரியும். இந்தி உதடு தெரியாது. அங்க வந்து யார் மூஞ்சியப் பாக்கட்டும்?” என்றார்.

சில மாதம் கழித்து அவரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. ஒரு பல்சக்கரம் வரைந்து தர முடியுமா என்று கேட்டிருந்தார். முப்பத்தாறு பல் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு பல் மட்டும் இருக்கக் கூடாது. வரைபலகையைத் தூசி தட்டி வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய பழைய அம்பாசிடர் வீட்டு ஓரத்தில் பானட்டைத் திறந்தபடி நின்றது. கார்புரேட்டர் இருந்த இடம் காலியாக இருந்தது.

அவர் செய்யப் போவதை எனக்கு விளக்கினார். கார்புரேட்டர் கலக்கும் பெட்ரோலைக் காதால்தான் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பதிலாக இன்ஜெக்டர் ஒன்றை வைத்தால், எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதை ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு முடிவு செய்யும். காற்றழுத்தம், இன்ஜின் சூடு, சுழலும் வேகம் எல்லாம் சென்சார் வழியாக அதற்குப் போகும். அந்தப் பல்சக்கரம் வேகத்தைச் சொல்வதற்கு. இல்லாத பல் வரும் இடத்தை வைத்து இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று போர்டு தெரிந்துகொள்ளும். புது வண்டிகளில் இந்தக் கணக்கெல்லாம் உள்ளே பூட்டியிருக்கும். இவர் போர்டைத் தானே ஈயம் வைத்துச் சேர்த்து, கணக்கையும் லேப்டாப்பில் தானே எழுதப் போகிறார். புகைக்குழாயில் ஒரு சென்சார் வைத்தால், பெட்ரோல் அதிகமா குறைவா என்பது திரையில் எண்ணாக வந்துவிடும். “காதுல கேட்டதை இனிமே கண்ணுல பாத்துக்குவேன்” என்றார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அண்ணி போன பிறகு அவர் இவ்வளவு பேசி நான் பார்த்தது அன்றுதான்.

பெங்களூரில் பழைய இரும்பு விற்கும் குஜரிக் கடைகளில் ஓடாத வண்டிகளிலிருந்து கழற்றிய சாமான்களைப் பொறுக்கி வந்தார். சந்தேகங்களை இணையத்தில் ஒரு குழுவில் கேட்டார். பல நாடுகளில் இதே வேலையைத் தங்கள் பழைய வண்டிகளில் செய்பவர்கள் அதில் இருந்தார்கள். ஊரில் வாய் திறக்காதவர் என்று பெயரெடுத்தவர் அங்கே வாயாடியாக இருந்தார். கேலி செய்தார், சண்டை போட்டார், முகம் தெரியாதவர்களுக்குப் பொறுமையாகப் பாடம் எழுதினார். அங்கே எல்லாமே எழுத்து. அவருக்குக் காது கேட்காது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவர் சொல்லவும் இல்லை.

வண்டி முதன்முதலாக உயிர் பிடித்த மத்தியானம் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தோம். அண்ணன் சாவியைத் திருப்பிவிட்டு ஓடி வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மட்கார்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கைகளை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு டியூனிங், ஓட்டிப் பார்த்து எண்களைச் சரிசெய்யும் வேலை. ஓடும் வண்டியில் யாராவது லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் காரில் சுற்றுவதை ஊர் பேசியது. அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

இனி வருவது என் தவறு. பெட்ரோல் கணக்கு சரியாக அமைந்தது. அடுத்து, பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி எந்தக் கணத்தில் பாய வேண்டும் என்பதையும் அவரே எழுதத் தொடங்கினார். அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளத் தள்ள வண்டிக்கு இழுவை கூடியது. அண்ணன் முகம் மலர்ந்திருந்தது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கப் பகுதி தாண்டி ஒரு மேட்டில் அழுத்தி ஏற்றும்போது, முன்பக்கத்திலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று எனக்குக் கேட்டது. தகர டப்பாவில் மாத்திரை குலுங்குவது போல. “அண்ணா, ஏதோ சத்தம்” என்றேன். அவர் பார்வை ரோட்டில் இருந்தது. தோளைத் தொட்டேன். வேகத்தைக் குறைத்துத் திரும்பி, “இன்னா?” என்றார். காலையிலிருந்து ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. இதை எப்படி விளக்குவது என்று அலுப்பாக இருந்தது. திரையில் எண்களும் சரியாகத்தான் இருந்தன. “ஒண்ணுமில்ல, போங்க” என்று கையை அசைத்துவிட்டேன்.

மறுநாளும் அதே மேடு, அதே சத்தம். நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பாதி மேட்டில் வண்டி வலுவிழந்தது. பின்னால் நீலப் புகை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் அவர் செய்தி அனுப்பவில்லை. நானும் போகவில்லை. பதின்மூன்றாம் நாள் போனேன். இன்ஜினைத் தனியாகவே பிரித்துப் போட்டிருந்தார். பிஸ்டன் ஒன்று விளிம்பில் உடைந்திருந்தது. தீப்பொறி முந்திக்கொண்டு வந்ததில், உள்ளே வெடிப்பு பிஸ்டனை அடித்திருக்கிறது. அவர் வைத்திருந்த சென்சார்கள் எதுவும் அதைக் காட்டாது. காதுக்கு மட்டும்தான் தெரியும். லேப்டாப் திறந்திருந்தது. குழுவில் தன் எண்கள் எல்லாவற்றையும் போட்டு, எங்கே தப்பு செய்தேன் என்று கேட்டிருந்தார். கீழே ஒருவர், மேடு ஏறும்போது இன்ஜின் அடிக்கும் சத்தம் உமக்குக் கேட்கவில்லையா என்று எழுதியிருந்தார். அண்ணனின் பதில் ஒரே சொல். இல்லை.

அவர் எதிரில் உட்கார்ந்து, என் உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னேன். எனக்குக் கேட்டது. இரண்டு நாளும் கேட்டது. சொல்லச் சோம்பல்பட்டேன்.

அவர் கோபப்படவில்லை. உடைந்த பிஸ்டனைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு சொன்னார். “காது போனதுகூடப் பழகிப்போச்சு கஸ்தூரி. இன்னான்னு கேட்டா ‘ஒண்ணுமில்ல’ன்றாங்க பாரு, அதுதான் பழகல. சரோஜாவும் கடைசில அதைத்தான் சொன்னா. ஏதோ சொன்னா, இன்னான்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னுட்டா. அது இன்னான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது.”

நான் அழுதேன். அவர் பார்க்காதது போல இன்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமலே பேசினார். “புது பிஸ்டன் போட்டப்புறம் நீதான் கேக்கணும். நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லாத. அது எனக்கு வேணாம். கேக்கறது இன்னா மாதிரி இருக்குன்னு சொல்லு.”

அப்படித்தான் அறுபது வயதுக்கு மேல் எனக்கு அந்த வேலை வந்தது. ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டதை எழுதிக் காட்டுவேன். ஈர விறகு எரிகிற சத்தம். கதவிடுக்கில் காற்று நுழைகிற சத்தம். பட்டாணியை முறத்தில் கொட்டுகிற சத்தம். அவர் வண்டியை ஓரம் கட்டி, ஒவ்வொன்றையும் படித்துவிட்டு யோசிப்பார். ஷெட்டில் கேட்ட சத்தங்களில் எது அது என்று அவர் மனதில் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். கண்டுபிடித்ததும் தலையை ஆட்டிவிட்டு எண்ணை மாற்றுவார். நான் சரியான சொல் கிடைக்காமல் தடுமாறினால் அங்கேயே காத்திருப்பார். அவசரப்படுத்தியதே இல்லை. கடைசியில் அந்த மேட்டை நான்காவது கியரிலேயே ஏறினோம். மேலே போய் நிறுத்தி, “இன்னா கேக்குது?” என்றார். “மழை நின்ன பிறகு ஓடு சொட்டற மாதிரி, ஒரே சீரா” என்று எழுதினேன். அந்தத் தாளை மட்டும் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காரியம் முடிந்த பின் பாபு லேப்டாப்பைத் திறந்து, குழுவில் இருப்பவர்களுக்கு நீங்களே எழுதிவிடுங்கள் அத்தை என்றான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினேன். மறுநாளைக்குள் எங்கெங்கிருந்தோ பதில்கள் வந்து குவிந்தன. ஊரிகத்தில் அவர் பாடையோடு நடந்தவர்கள் இருபது பேர் இருக்கலாம். அங்கே அதைவிடப் பல மடங்கு பேர். ஒருவர், பனிக்காலத்தில் கிளம்பாத தன் வண்டியை அவர் ஒரு வாரம் எழுதி எழுதியே சரிசெய்து கொடுத்ததை எழுதியிருந்தார். நியூசிலாந்திலிருந்து ஒருவர் எழுதியது வேறு மாதிரி இருந்தது. இன்ஜின் சத்தத்தை அவரைப் போல யாராலும் எழுத முடியாது, அவர் எழுதியதை வைத்தே என் வண்டியின் கோளாறைக் கண்டுபிடித்தேன், எங்களில் நல்ல காது அவருக்குத்தான் இருந்தது என்று முடித்திருந்தார்.

பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஈர விறகு இருந்தது. பட்டாணியும் முறமும் ஆங்கிலத்தில் இருந்தன. நான் எழுதிக் கொடுத்த ஒவ்வொன்றையும் அவர் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். சத்தத்தைச் சொன்ன சொல் என்னுடையது, அது எந்தக் கோளாறின் சத்தம் என்ற அறிவு அவருடையது. நியூசிலாந்துக்காரருக்கு உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். நன்றி என்று மட்டும் எழுதி மூடினேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

பாபு வண்டியை என்னிடமே விட்டுப் போயிருக்கிறான். எனக்கு ஓட்டத் தெரியாது. அது நிற்கட்டும். அண்ணனிடமிருந்து என்னோடு தங்கிவிட்டது வேறு. கேட்பதை அப்படியே கேட்டு, அது எதைப் போல இருக்கிறது என்று தேடும் பழக்கம். இன்று காலை பங்காருபேட்டை ரயில் கிளம்பியபோதும் தேடினேன். சரியான சொல்லும் கிடைத்தது. வழக்கம்போல போனைக் கையில் எடுத்த பிறகுதான், அதை அனுப்ப ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது.